நுளம்புக்கு ஒரு படை, படைக்கு ஒரு மாடு!

வன்னியில் சில மாடுகளுக்கு அரசாங்க வேலை இருக்கிறது. பொழுதுபடுகிற நேரத்தில் மாட்டைக் கூட்டிவந்து, ஆள் உயரத்தையும் தாண்டுகிற ஒரு பெரிய வலைக்கூட்டுக்குள் கட்டுவார்கள். வைக்கோல் தாராளம், தண்ணீர் தாராளம். வலையின் அடிப்பக்கம் கொஞ்சம் தூக்கிவிடப்பட்டிருக்கும். மாடு இரவு முழுக்க அசைபோட்டுக்கொண்டு நிற்க, அதன் வாசம் பிடித்த நுளம்புகள் அடிவழியாக நுழைந்து, வயிறு முட்டக் குடித்து, பாரம் தாங்காமல் வலைச்சுவரில் போய்க் குந்தும். விடியப்புறம் ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே போவார். வாயில் ஒரு றப்பர்க் குழாய், அதன் மறுமுனையில் கண்ணாடிக் குழல். குந்தியிருக்கிற நுளம்புக்குக் கிட்டக் குழலைக் கொண்டுபோய் ஒரே உறிஞ்சு. நுளம்பு குழலுக்குள்! குழாய்க்கும் குழலுக்கும் நடுவில் ஒரு சின்ன வலைத்துண்டு காவல் நிற்பதால் அது வாய்க்குள் போகாது. எவருக்கும் முதலில் வருகிற கேள்வி அதுதான் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குழாய் பிடிக்கும் அந்த மனிதர் பூச்சியியல் உத்தியோகத்தர். மலேரியாத் தடை இயக்கம் என்ற பெரிய படையில் அது ஒரு தரம். தோளில் நட்சத்திரம் கிடையாது, தொப்பியில் இலச்சினை கிடையாது. ஆனால் தளபதி முதல் காலாட்படை வரை எல்லாத் தரமும் இதற்குள் இருக்கிறது. 1911இல் தொடங்கிய படை. இராணுவ வைத்திய சேவை ஒன்று எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்று அறிய ஆசைப்படுகிறவர்களை நான் முதலில் இங்கேதான் கூட்டிவருவேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எங்கள் காலடியிலேயே நடக்கிற படையெடுப்பு இது. உள்ளே எட்டிப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது!

முதலில் அந்த நுளம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிடித்தவை எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்து இனம் பிரிக்க வேண்டும். சுவரில் குந்தும்போது பின்பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்பது அனோபிலிஸ். செட்டையில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள். அனோபிலிஸிலும் பல இனங்கள் உண்டு. எங்கள் நாட்டில் மலேரியாவைக் காவித் திரிந்த முதன்மைக் குற்றவாளி அனோபிலிஸ் குலிசிபேசிஸ். மாட்டு இரத்தத்தில் அதற்குப் பெரிய பிரியம். வலைக்குள் மாடு கட்டுவது ஏன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இதற்குப் பிறகு வருவதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள். பிடித்த நுளம்பு இதற்கு முன் முட்டை இட்டிருக்கிறதா இல்லையா என்பதையும் இவர்கள் கண்டுபிடிக்கிறார்கள்! ஊசிமுனையால் நுளம்பின் வயிற்றைத் திறந்து, சூலகத்தை வெளியே எடுத்து, நுணுக்குக்காட்டிக்கடியில் வைத்தால் மெல்லிய மூச்சுக் குழாய்கள் தெரியும். அவற்றின் நுனி நூற்பந்துபோலச் சுருண்டிருந்தால் அது இன்னும் முட்டையே இடாத இளம் நுளம்பு. சுருள் அவிழ்ந்து நீண்டு கிடந்தால் ஒருமுறையாவது இட்டிருக்கிறது, அதாவது வயதானது. வயது ஏன் வேண்டும்? மலேரியா ஒட்டுண்ணி நுளம்பின் உடலுக்குள் முற்றி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர ஏறத்தாழப் பத்து நாளாவது செல்லும். அதற்கு முன் செத்துவிடுகிற நுளம்பு எத்தனை பேரைக் கடித்தாலும் மலேரியாவைக் கொடுக்காது. ஆகவே ஊரில் கிழட்டு நுளம்புகள் கூடுகின்றனவா என்பதுதான் இந்தப் படையின் உளவுத் தகவல். நுளம்பின் சூலகத்தில் உளவு பார்க்கிறார்கள் ஐயா!

காலையில் வேறு வேலை. ஒரு வீட்டு அறையில் கட்டில், தரை எல்லாவற்றையும் மூடி வெள்ளைத் துணி விரித்து, கதவு யன்னலைச் சாத்தி, பைரெத்திரம் மருந்தை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். பிறகு துணியைக் கவனமாக மடித்து வெளியே எடுத்தால், அறையின் மூலை முடுக்கில் ஒளிந்திருந்ததெல்லாம் துணியில் விழுந்து கிடக்கும். பகல் ஏறினால் அகப்பையும் கையுமாக ஆற்றுக்கு. குலிசிபேசிஸுக்கு விருப்பமான இடம் ஓடுகிற ஆறு அல்ல. ஆறு வற்றும்போது மணலிலும் பாறையிலும் தேங்குகிற தெளிந்த குட்டைகள். கனகராயன் ஆறும் பாலி ஆறும் பேராறும் கோடையில் எப்படிக் கிடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். வற்றுகிற ஆறும், மாட்டுப் பட்டியும், பக்கத்தில் காடும். வன்னி தலைமுறை தலைமுறையாக இந்தக் காய்ச்சலோடு மல்லுக்கட்டியதன் காரணம் இந்த மூன்றின் சேர்க்கைதான் என்பது என் எண்ணம்.

இனி அடுத்த தரம்: பொதுச் சுகாதார வெளிக்கள உத்தியோகத்தர். படலையடியில் நின்று குரல் கொடுப்பவர் இவர்தான்.

"அம்மா, வீட்டில ஆருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கோ?"

"இல்லைத் தம்பி. மகன் மட்டும் போன கிழமை இந்தியாவில இருந்து வந்தவன். அவனுக்கும் ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாட்டியும் ஒருக்காக் கூப்பிடுங்கோம்மா. ஒரு சொட்டு ரத்தம் எடுத்திட்டு விட்டிடுறன்."

அந்த ஒரு சொட்டு, விரல்நுனியிலிருந்து கண்ணாடித் தகட்டுக்குப் போகிறது. ஒரே தகட்டில் இரண்டு பூச்சு: ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. தடித்த பூச்சில் கிருமி இருக்கிறதா என்று தேடுவார்கள். மெல்லிய பூச்சில் அது எந்த வகை என்று பார்ப்பார்கள். தகடு போய்ச் சேருகிற இடத்தில் இன்னொரு தரம் காத்திருக்கிறது: பொதுச் சுகாதார ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். பெயர்ப்பலகையில் எழுதினால் ஒரு சுவர் வேண்டும், அவ்வளவு நீளம்! ஜீம்சா என்ற ஊதா நிறச் சாயத்தில் தகட்டைத் தோய்த்து, எண்ணெய்ச் சொட்டு வைத்து, ஆயிரம் மடங்கு பெருப்பித்து, தடித்த பூச்சில் நூறு பார்வைப் புலங்களையாவது பார்த்த பிறகுதான் 'இல்லை' என்று எழுத அவருக்கு அனுமதி. நூறு! ஒன்றில்கூட அவசரப்படக்கூடாது. வைவக்ஸ் என்றால் செங்குழியம் ஊதிப்பெருத்து உள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். பல்சிபாரம் என்றால் குழியம் ஊதாமல் மெல்லிய மோதிரங்கள் தெரியும். இப்போது இங்கே பார்க்கிற தகடுகள் அத்தனையிலும் ஏறக்குறைய எதுவுமே இருக்காது. ஒன்றுமே தென்படாத தகடுகளை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டும், அந்த மோதிரத்தை மறக்காமல் வைத்திருக்கிற கண்ணை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்தப் படையில் மிகவும் பிடித்த தரம் இதுதான்.

மருந்தடிப்பவர்களை ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதுகில் தாங்கி, கையில் நீளக் குழாய். முந்தி மலத்தியன் அடித்த காலத்து மணம் இன்னும் பலருடைய மூக்கில் நிற்கிறது. சும்மா வந்து சுவரில் பீச்சிவிட்டுப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்போம். அப்படி இல்லவே இல்லை! விசிறியின் வாய் சுவரிலிருந்து 45 சென்ரிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு வரி 75 சென்ரிமீற்றர் அகலம்; அடுத்த வரி முந்தினதன் விளிம்பை 5 சென்ரிமீற்றர் மூட வேண்டும். மேலிருந்து கீழ், பிறகு கீழிருந்து மேல், ஒரே வேகத்தில். அணிவகுப்புப் பயிற்சியேதான். பிறகு பூச்சியியல் ஆட்கள் வந்து, மருந்தடித்த சுவரில் ஒரு புனலைக் கவிழ்த்து, உயிருள்ள நுளம்புகளை உள்ளே விட்டு அரை மணி நேரம் வைத்திருந்து, மறுநாள் எத்தனை செத்தது என்று எண்ணுவார்கள். சுவரே பரீட்சை எழுதுகிறது.

இவர்களுக்கெல்லாம் மேலே பிராந்திய மலேரியாத் தடை அதிகாரி, ஒரு வைத்தியர். கிளிநொச்சிக்கு ஒருவர், முல்லைத்தீவுக்கு ஒருவர், வவுனியாவுக்கு ஒருவர். அவருக்கும் மேலே கொழும்பு நாரஹேன்பிட்டியில் தலைமையகமும் பணிப்பாளரும் இருக்கிறார்கள். இங்கேதான் அமைப்பின் மிகச் சுவையான முடிச்சு. 1989இல் இந்த வேலை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஆகவே ஆளும் வாகனமும் சம்பளமும் மாகாணத்தின் கையில். எந்த மருந்து, எப்படித் தகடு பார்ப்பது, எந்த நோயாளியை எத்தனை நாள் பின்தொடர்வது என்ற தொழில்சார் சொல் கொழும்பிலிருந்து. ஒரு படைக்கு இரண்டு கட்டளைக் கோடுகள்! குழப்பம் என்றுதான் தோன்றும். ஆனால் உலகத்து இராணுவ வைத்திய சேவைகளைப் பார்த்தால் அங்கேயும் இதே முடிச்சு. ஒரு படையணியோடு நிற்கிற இராணுவ வைத்தியர், எங்கே கூடாரம் அடிப்பது, எப்போது நகர்வது என்பதில் அந்த அணியின் கட்டளைத் தளபதிக்குக் கட்டுப்பட்டவர். காயத்தை எப்படி ஆற்றுவது என்பதில் தன் வைத்தியப் பணிப்பாளருக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர். வைத்தியம் எங்கே படையோடு சேர்ந்தாலும் இந்த இரட்டைக் கோடு தானாக வந்துவிடுகிறது. வேண்டியதும் அதுதான். வண்டி எங்கே போக வேண்டும் என்பதை ஒருவர் சொல்லலாம். தகட்டில் மோதிரம் இருக்கிறதா என்பதை அதிகாரத்தால் சொல்ல முடியாது.

இராணுவம் என்று வந்த பிறகு சேர்ஜன் மேஜர் ரொனால்ட் றொஸைச் சொல்லாமல் போவது எப்படி? நுளம்புக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைக் கண்ணால் கண்டவர் இராணுவத் தரம் தாங்கிய ஒரு வைத்தியர். 1881இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்து, மதராஸ் மாகாணத்தில் பணிபுரிந்தவர். 1897 ஓகஸ்ட் 20ஆம் திகதி செகந்தராபாத்தில், நோயாளி ஒருவரைக் கடித்த அனோபிலிஸ் நுளம்பின் வயிற்றுச் சுவரில் அவர் ஒட்டுண்ணியைக் கண்டார். கடிபட்ட நோயாளிக்குக் கடிக்கு ஓர் அணா கூலி! 1902இல் றொஸுக்கு நோபல் பரிசு. அவருடைய 'சேர்ஜன் மேஜர்' என்ற பட்டத்தைப் பாருங்கள்: பாதி வைத்தியர், பாதி படையதிகாரி. அந்தக் காலத்துப் பிரித்தானிய இராணுவ வைத்தியர்கள் முழுத் தரம் கேட்டு நெடுநாள் போராடினார்கள். 1898இல் அரச இராணுவ வைத்தியப் படை உருவான பிறகுதான் அவர்களில் ஒருவர் வெறும் 'கப்டன்' என்றும் 'மேஜர்' என்றும் அழைக்கப்பட்டார். வைத்தியருக்கு முழுத் தரம் கொடுக்கவே அவ்வளவு தயங்கியிருக்கிறார்கள்.

1955இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிப்பைத் தொடங்கியபோது வகுத்த கட்டங்களும் போர்த்திட்டம்தான்: ஆயத்தம், தாக்குதல், உறுதிப்படுத்தல், பேணல். இலங்கை அதில் தலைசிறந்த மாணவி. 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிரைப் பறிகொடுத்த நாடு, 1963இல் முழுத் தீவிலும் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தது. பதினேழு பேர்! அதன் பிறகு நடந்ததைத்தான் ஒவ்வொரு சுகாதாரப் பணிமனைச் சுவரிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். வெற்றி கிடைத்துவிட்டதென்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள், கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். காய்ச்சல்காரரிடம் இரத்தம் எடுப்பது குறைந்தது. 1969இல் நோயாளிகள் 5 இலட்சத்தைத் தாண்டினார்கள். தளபதிகள் எல்லாரும் அப்போதும் கதிரையில் இருந்தார்கள். குறைந்தது படலையடியில் நிற்பவரும் தகடு பார்ப்பவரும்தான்.

இதை விளங்கிக்கொண்டால்தான் இரண்டாம் வெற்றி எப்படி வந்தது என்பது தெரியும். 1999இல் இலங்கையில் 2,64,549 நோயாளிகள். வடக்கும் கிழக்கும்தான் பெரும் பாரம் சுமந்தன. போருக்கு நடுவே, இடப்பெயர்வுக்கு நடுவே, அந்தத் தொகை இறங்கத் தொடங்கியது. நடமாடும் மலேரியாக் கிளினிக் குடியிருப்பு குடியிருப்பாகப் போனது. மருந்தூட்டிய நுளம்பு வலை வீடு வீடாக வந்தது. 2011இல் 175 பேர். கடைசி ஆண்டுகளில் நோயாளிகளின் முகமே மாறிவிட்டது: பிள்ளைகள் குறைந்து, வளர்ந்த ஆண்கள் கூடினார்கள், அதில் காட்டு முகாம்களில் இருந்த படையினர் பெரிய பங்கு. நுளம்புப் படை இப்போது இராணுவ வைத்தியப் பிரிவோடு கைகோக்க வேண்டி வந்தது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா நின்றது. 2016 செப்ரெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது.

அப்படியானால் இந்தப் படைக்கு இனி என்ன வேலை? இங்கேதான் கதை இன்னும் சூடு பிடிக்கிறது! நுளம்பு போகவில்லை. குலிசிபேசிஸ் எங்கள் ஆற்றுக் குட்டைகளில் முன்போலவே முட்டை இடுகிறது. இல்லாதது கிருமி மட்டும். அது விமானத்திலும் படகிலும் வரலாம். தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டு இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், யாத்திரை போய் வருகிறவர்கள், வியாபாரத்துக்குப் போய் வருகிறவர்கள், ஆபிரிக்காவில் ஐ.நா. அமைதிப்படைப் பணி முடித்து வருகிற சிப்பாய்கள் என்று எல்லாரும் இவர்கள் கண்காணிப்பில் இருக்கிறார்கள். சிப்பாய்களுக்குப் போகமுன் தடுப்பு மாத்திரை, வந்தபின் இரத்தப் பரிசோதனை.

ஒரு தகட்டில் மோதிரம் தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அன்று முழுப் படையும் எழும்பும்! ஆய்வுகூடத்தவர் அதிகாரிக்குச் சொல்ல, அதிகாரி கொழும்புக்குச் சொல்ல, நோயாளி வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார். வைவக்ஸ் என்றால் குளோரோகுயின் மூன்று நாள், ஈரலுக்குள் உறங்குகிற கிருமியை முடிக்கப் பிரிமாகுயின் பதினான்கு நாள். அதற்கு முன் அவருடைய குருதி பிரிமாகுயினைத் தாங்குமா என்று சோதிக்க வேண்டும். ஒரு நொதியம் குறைந்தவர்களுக்கு அந்த மாத்திரை செங்குழியங்களை உடைத்துவிடும். வெளிக்கள உத்தியோகத்தர் அவர் வீட்டைச் சுற்றியுள்ளவர்களிடம் இரத்தம் எடுக்கிறார். பூச்சியியல் ஆட்கள் அகப்பையுடன் குட்டைகளுக்கு, மாட்டுடன் வலைக்கூட்டுக்கு. தேவைப்பட்டால் மருந்தடிப்பவர்கள் சுவருக்கு. ஒரே ஒரு மனிதருக்காக இவ்வளவும்! வீண் ஆர்ப்பாட்டம் இல்லை என்பதற்கு 2018 டிசெம்பர் சாட்சி: மொனராகலைப் பக்கம், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு வைவக்ஸ் தொற்றியது. ஒருவருக்கு மட்டும். அங்கேயே பிடித்து நிறுத்தினார்கள்.

2016இன் கடைசியில், சான்றிதழ் வாங்கி நாலு மாதம்கூட ஆகாத நேரத்தில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சியைக் கண்டுபிடித்தார்கள். இந்தியப் பட்டணங்களில் மலேரியா பரப்புகிற இனம், இலங்கைக்குப் புதியது. பிறகு வடக்கில் வேறு இடங்களிலும் தலைகாட்டியது. குலிசிபேசிஸ் ஆற்றுக்குட்டை தேடும். ஸ்டீபன்சிக்குக் கட்டுக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். அதாவது காட்டோரத்துக் காய்ச்சலை வீட்டு முற்றத்துக்கே கொண்டுவரக்கூடிய நுளம்பு. மன்னார் எங்களுக்கு எவ்வளவு கிட்ட என்று சொல்லத் தேவையில்லை. பூச்சியியல் உத்தியோகத்தரின் பாதையே மாறிவிட்டது: ஆற்றோடு நடந்தவர் இப்போது கிணற்றுக்கட்டோடும் நடக்கிறார். மூடாமல் கிடக்கிற கிணறுகளில் மீன் விடுகிறார்கள். கப்பி மீன் நுளம்புக் குடம்பியைக் கண்டால் விடாது.

ஆகவே அவர்கள் உங்கள் வளவுக்கு வந்து கிணற்றைக் காட்டச் சொன்னால், காட்டிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். கூடவே நின்று எட்டிப் பாருங்கள்! தலைகீழாகச் சரிந்து தொங்குகிற குடம்பி என்றால் அது வேறு இனம். தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகப் படுத்திருந்தால் அது அனோபிலிஸ். அதைக் கண்டதும் அந்த உத்தியோகத்தரின் முகத்தில் வருகிற பரபரப்பைப் பாருங்கள். உடனே அகப்பையைச் சரிப்பார், போத்தலில் ஊற்றுவார், லேபலில் கிணற்றின் இடத்தையும் திகதியையும் எழுதுவார், பெட்டிக்குள் வைப்பார், அடுத்த வீட்டுப் படலையை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார்.